ஃபேன் யார் பக்கம்

பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவள் நான். எழுதுவது கொஞ்சம்தான். எழுதி வைத்ததற்கு வைத்தியம் பார்ப்பதில்தான் நாள் போகும். காலையில் காபித் தம்ளரைக் கையில் எடுப்பதற்குள் யாராவது போனில் கூப்பிட்டு, "ஏனுங்க மேடம், கம்ப்யூட்டரு ஓட மாட்டீங்குதுங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடும், பிரிண்டரில் பேப்பர் இருக்காது. இல்லையென்றால் யாரோ தேதியை அமெரிக்கா வழக்கத்துக்கு மாற்றி வைத்திருப்பார்கள், மே மாதச் சரக்கெல்லாம் ஜூலையில் போய் உட்கார்ந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் பஞ்சு. எங்கள் ஊரில் பஞ்சு போகாத இடம் கிடையாது. சிபியூவைத் திறந்தால் உள்ளே ஒரு தலையணைக்கு ஆகும் அளவுக்கு அடைத்துக்கொண்டிருக்கும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் மனுஷர்களிடம் காட்டுவதில்லை, மெஷின்களிடம்தான் காட்டுவேன். என் வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு கதை.

இந்த விஷயம் நடந்த கம்பெனி அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே பேக்கிங் பிரிவில் ஓடுகிற ப்ரோகிராம் நான் எழுதியதில்லை. எழுதியவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நல்ல மனுஷன், போகும்போது எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம். ப்ரோகிராமுக்குள் எந்த வரி எதற்கு என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் நானே அவருக்கு ஸ்வீட் அனுப்பியிருப்பேன்.

அங்கே வேலை நடக்கிற விதம் இப்படி. தைத்து, அயர்ன் பண்ணி, பாலிதீன் கவரில் போட்ட டீ ஷர்ட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டியை மூடாமல், மூடிகள் நான்கு பக்கமும் விரிந்திருக்க, அப்படியே எடை மிஷின் மேல் ஏற்றுவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் என்டர் தட்டுவாள். ப்ரோகிராம் எடை மிஷினிடமிருந்து எடையை வாங்கி, பெட்டிக்கு ஒரு நம்பர் போட்டு, ஸ்டிக்கர் அடித்துத் தள்ளும். எடை குறைந்தால் உள்ளே ஏதோ பீஸ் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அதனால் எடை சரி என்று தெரிந்த பிறகுதான் டேப் ஒட்டுவார்கள்.

கொஞ்ச நாளாக ஒரே பெட்டிக்கு இரண்டு நம்பர் விழுந்துகொண்டிருந்தது. எப்போதும் இல்லை, எப்போதாவது. லாரியில் ஏற்றும்போது எண்ணினால், கம்ப்யூட்டரில் இருக்கிற பெட்டி லாரியில் இருக்காது. இல்லாத பெட்டியைத் தேடி ஹால் முழுக்க அலைவார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுவிட்டு, அவரே காரணத்தையும் சொன்னார்.

"ப்ரோகிராம்ல ஒண்ணும் இருக்காதுங்க மேடம். நீங்க ஒரு பார்வை பாத்துட்டாப் போதும். அந்தப் புள்ள இப்ப வாயும் வயிறுமா இருக்குதுங்க. நெனப்பு வேலைல நிக்கறதில்ல. ஒருக்கா தட்டுனதையே மறந்துட்டு மறுக்காத் தட்டிப்போடுது."

அவர் கெட்டவரில்லை. அவளைத் திட்டவும் இல்லை. இந்த ஷிப்மென்ட் போனதும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செக்கிங்கிலிருந்து வேறொரு பெண்ணை அந்த இடத்தில் உட்கார வைப்பதாக முடிவு செய்திருந்தார். "ஊட்டுக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுக்கட்டுமுங்க" என்றார். அன்பாகச் சொல்லப்படுகிற இந்த மாதிரி வார்த்தையைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். எத்தனையோ பெண்களின் நாற்காலி இந்த அன்பிலேதான் போயிருக்கிறது.

அவள் சேவூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். முதலில் கை மடிக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். டெய்லருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணியை மடித்துக் கொடுக்கிற வேலை அது. சாப்பாட்டு நேரத்தில் யார் யாரையோ கெஞ்சி, கம்ப்யூட்டர் பழகி, அந்த நாற்காலிக்கு வந்தவள். மேனேஜர் நகர்ந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இந்த சீட்டுப் போனாப் போனதுதானுங்க அக்கா. கொழந்த பொறந்து திரும்ப வந்தா மறுபடியும் கை மடிக்கத்தான் உடுவாங்க. நின்னுட்டே இருக்கோணும்."

"நீ ரெண்டு தடவை தட்டினியா?"

"தட்டியிருப்பனுங்க. ஊட்ல கூட கொழம்புக்கு ரெண்டு தடவ உப்புப் போட்டுட்டனுங்க. அதனால நானாத்தான் இருக்கும்."

எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் சொல்லிச் சொல்லி, தன் தலையே தனக்குச் சரியில்லை என்று நம்ப ஆரம்பித்திருந்தாள்.

நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பேக்கிங் பெண்கள் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்கள். பெடஸ்டல் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். "வெயில்ல வந்திருக்கீங்க, சித்த காத்து வாங்குங்க" என்று உபசாரம். பெட்டிகள் வந்தன, எடை ஏறியது, ஸ்டிக்கர் விழுந்தது. சாயங்காலம் வரை பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று பெண்களைக் கேட்டேன். "நல்லாத்தானுங்க ஓடுது" என்றார்கள். எங்கள் பக்கத்தில் வந்தவரிடம் குறை சொல்ல மாட்டார்கள். நான் வந்த அன்றைக்கு மெஷினும் அந்த மரியாதையைக் கற்றுக்கொண்டது போல ஒழுங்காக நடந்துகொண்டது.

வீட்டுக்குப் போனதும் மேனேஜரிடமிருந்து போன். நான் போனதும் மறுபடியும் இரண்டு நம்பர் விழுந்ததாம். "பாத்தீங்களா, நீங்க பக்கத்துல உக்காந்திருந்தா கவனமா இருக்குது" என்றார்.

அந்தப் ப்ரோகிராமை எடுத்து வைத்துப் படித்தேன். எடை மிஷினிடமிருந்து வருகிற எண் ஆடாமல் ஒரே எண்ணாக நிற்கும் வரை காத்திரு என்று பெங்களூர்க்காரர் எழுதியிருந்தார். அது நியாயம்தான். ஆனால் அவர் ப்ரோகிராமுக்குள் எல்லா வேலைக்கும் ஒரே ஆளை வைத்தது போல எழுதியிருந்தார். எடையைப் பார்க்கிற ஆளும் அவன்தான், திரையைப் பார்த்துக்கொள்கிற ஆளும் அவன்தான். எடை நிற்கவில்லையென்றால் அவன் மிஷினையே முறைத்துக்கொண்டு நிற்பான், திரை உறைந்துபோகும். அந்த நேரத்தில் தட்டுகிற என்டர் எல்லாம் தொலைந்துபோகாது, வாசலில் வரிசையாகக் காத்திருக்கும். அவன் திரும்பி வந்ததும் ஒவ்வொரு என்டரையும் ஒரு புதுப் பெட்டி என்று நினைத்து நம்பர் போட்டுத் தள்ளுவான். விண்டோஸ் ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது விழுந்து எழுந்த குழிதான் இது.

ஆக, தப்பு எப்படி வரக்கூடும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எடை ஏன் நிற்காமல் ஆட வேண்டும்? மிஷின் கம்பெனியிலிருந்து ஆள் வந்து எடைக்கல் வைத்துப் பார்த்து, மிஷின் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் உட்கார்ந்திருந்த நாள் முழுக்க எண் ஆடவே இல்லை. காரணம் தெரியாமல் நான் எதையாவது மாற்றி, தப்பு மறுபடியும் வந்தால், பழி மறுபடியும் அவள் தலையில்தான் விழும். அதனால் கண்ணால் பார்க்காமல் கை வைப்பதில்லை என்று இருந்தேன்.

அடுத்த தடவையும் போனேன். தண்ணீர், ஃபேன், உபசாரம். ஒரு தப்பும் இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஷிப்மென்ட் போகிற நாள் வந்தது. மதிய வெயிலில் ஹால் மேலே தகரம் கொதித்தது. அவளுக்கு முகமெல்லாம் வேர்த்து, ஜாக்கெட் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலை ஒரு துணிக்கட்டு மேல் தூக்கி வைத்திருந்தாள், பாதம் வீங்கியிருந்தது. அவளுக்குப் பக்கவாட்டில் ஃபேன் மூன்றாம் நம்பரில் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஒரு பெண் ஓடிப்போய் அதன் கழுத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"எனக்கு எதுக்குங்க காத்து? நானா புள்ளத்தாச்சி? அவ பக்கமே வைங்க!"

அந்தப் பெண் பயந்துபோய்த் திருப்பி வைத்தாள். ஃபேன் காற்று நாற்காலியில் இருந்தவள் மேல் அடித்தது. அவளுக்கு முன்னால் எடை மிஷின் மேல் இருந்த பெட்டி மேலும் அடித்தது. விரிந்திருந்த மூடிகள் நான்கும் கோழி இறக்கையை அடிப்பது போலப் படபடவென்று ஆடின. மிஷினில் கடைசி எண் ஏறியது, இறங்கியது, ஏறியது. அவள் என்டர் தட்டினாள். திரை வெளிறிப்போய் அப்படியே நின்றது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள், யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தாள், இன்னொரு முறை தட்டினாள். காற்று ஒரு கணம் தணிந்தது. பிரிண்டரிலிருந்து ஸ்டிக்கர் ஒன்று வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றும் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் பார்ப்பது போல ஒரு பார்வை. நானோ அந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த ஃபேன் எப்பவும் இங்கதான் இருக்குமா?"

"இல்லீங்க அக்கா, மின்ன அந்தக் கோடியில கெடந்துச்சுங்க" என்றாள் டேப் ஒட்டுகிற பெண். "இவ மாசமா இருக்கான்னு தெரிஞ்சதும் நாங்கதான் இங்க கொண்டாந்து வெச்சமுங்க. பாவம், நெம்ப வேர்க்குது."

அவர்கள் பாசமாக வைத்த காற்றுதான் பெட்டியை ஆட்டியிருக்கிறது. அதே காற்றை மரியாதைக்கு என் பக்கம் திருப்பி, தப்பை என் கண்ணிலிருந்து மறைத்தும் வைத்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்கள் துடித்துப்போனார்கள். "ஐயோ சாமி, நாங்களே இவ பொழப்பக் கெடுத்துட்டமே" என்று ஒருத்தி ஃபேனை நிறுத்தப் போனாள். அதற்குள் அவளே, அந்த வயிற்றோடு, நாற்காலியைப் பிடித்து எழுந்து சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"எனக்கு ஃபேன் வேண்டாமுங்க அக்கா. ஆஃப் பண்ணிட்டாச் சரியாப் போயிருமல்லங்க?"

சரியாகப் போய்விடும்தான். சுவிட்சைத் தட்டினால் முடிந்துவிடுகிற காரியம். மேனேஜரிடம் சொன்னால் அதைத்தான் செய்வார்.

"ஃபேன் மேல யாராவது கை வெச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன். "ப்ரோகிராம்தான் திருந்தணும். நீ உக்காரு கண்ணு."

அங்கேயே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ப்ரோகிராமுக்குள் எடையைப் பார்க்கத் தனியாக ஓர் ஆளைப் போட்டேன், திரை இனி உறையாது. என்டர் ஒரு தடவை தட்டியதும், ஸ்டிக்கர் வந்து விழும் வரை அடுத்த என்டரைச் சட்டையே செய்யாதபடி பட்டனுக்குப் பூட்டுப் போட்டேன். எண் ஆடினால் ஆடட்டும், ஆடுகிற எண்களையெல்லாம் சேர்த்து நடு எண்ணை எடுத்துக்கொள் என்று எழுதினேன். ஒரு டீ ஷர்ட்டின் எடையை விட அதிகமாக ஆடினால் மட்டும் நிறுத்தி ஆளைக் கேள் என்றும் எழுதினேன். காத்திருக்கிற நேரத்துக்குத் திரையில், "எடை பாத்துட்டு இருக்கேனுங்க, சித்த பொறுங்க" என்று ஒரு வரி வைத்தேன். அதைப் படித்துவிட்டுப் பெண்கள் சிரித்தார்கள். பெங்களூர்க்காரர் குறிப்பு எழுதாத இடத்தில் நான் ஒரு குறிப்பும் எழுதினேன்: பக்கத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், அதை நிறுத்தச் சொல்லாதே.

லாரி வாசலுக்கு வந்திருந்தது. மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். நான் ஃபேனிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு ப்ரோகிராம்லதானுங்க. அவமேல ஒண்ணுமில்லீங்க" என்று முடித்தேன். அவர் உடனே நம்பவில்லை. "நானே பாத்தர்றனுங்க" என்று அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டி ஒன்று எடை மிஷின் மேல் ஏறியது.

அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், டேப் ஒட்டுகிற பெண் பழக்க தோஷத்தில் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டாள். திருப்பிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியின் மூடிகள் அசையாமல் நின்றன. மேனேஜர் ஃபேனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அவளுடைய வீங்கின காலைப் பார்த்தார். அப்புறம் எழுந்துபோய் ஃபேனின் கழுத்தைப் பிடித்து அவரே அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மூடிகள் படபடத்தன. அவள் என்டர் தட்டினாள். மேனேஜர் கையை நீட்டி, அவர் பங்குக்கு டொக்கு டொக்கென்று ஆத்திரம் தீரத் தட்டினார். திரையில், சித்த பொறுங்க என்று வந்தது. பிறகு ஸ்டிக்கர் வந்தது. எல்லோரும் பிரிண்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொன்று வரவில்லை.

"நாந்தான் கண்ணு தப்பா நெனச்சுப்போட்டன்" என்றார் மேனேஜர். "நீ இங்கயே இரு. கொழந்த பொறந்து வந்தாலும் இந்த சீட்டு உன்றதுதான்."

அவள் ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எனக்கு மறதி இல்லீங்களா அக்கா?"

"இல்ல கண்ணு."

"உப்பு?"

"உப்ப நீதான் ரெண்டு தடவ போட்டிருக்கே."

சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதை முந்தானையில் துடைத்துவிட்டு, ஸ்டிக்கரைப் பெட்டியில் ஒட்டி, அடுத்த பெட்டியை ஏற்றச் சொன்னாள்.