சொந்த ஊர் போஸ்டிங்

மமசலி வேன் ஓட்டுகிறவர். எங்கள் மலையூர் தாஷ்-கெச்சுவிலிருந்து மாவட்ட ஊருக்குக் காலையில் ஒரு நடை, மதியத்துக்கு மேல் திரும்பி ஒரு நடை. வழியில் கை காட்டுகிற யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டார். பள்ளிக்கூட வேலைக்கு நானும் அந்த வேனில்தான் போய்வருகிறேன். இத்தனை பேரோடு பழகியும் அவருக்கு யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரியாது. வாழ்நாளில் முதல் முறையாக மகனுக்காகத்தான் கேட்டார்.

அவருடைய மூத்த மகன் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து, சவப்பெட்டியில் திரும்பி வந்தவன். அதற்குப் பிறகு அவர் மனைவி சூராவுக்குச் சரியான தூக்கம் கிடையாது. அப்படியிருக்கையில் இளையவன் எர்னிஸ் போலீஸ் ஆளெடுப்புக்குப் போய் நின்றான். ஓட்டத்தில் முதலில் வந்தான், எழுத்துத் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினான். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுத்த அன்று, மைதானத்தில் ஒவ்வொருவருக்கும் எந்த ஸ்டேஷன் என்று வாசித்தார்கள். எர்னிஸுக்கு நாட்டின் மறுகோடியில், கசாக் நாட்டு எல்லையோரம் விழுந்தது.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மமசலியின் தம்பி தொலோகன்தான் பேச்சை எடுத்தான். தொலோகனைப் பிடிக்காதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. கல்யாணம் என்றால் முதல் பாட்டு அவன் பாடுவான். சாவு என்றால் முதல் மண்வெட்டியை அவன்தான் எடுப்பான்.

"அண்ணே, ஒரு பிள்ளையை மண்ணுக்குக் குடுத்தாச்சு. இவனையும் கண்காணாத இடத்துக்கு அனுப்பணுமா? நம்ம ஊரு போலீஸ் அறை பூட்டித்தானே கெடக்கு?"

"நான் போயி என்னடா கேக்கறது?"

"மாவட்டப் போலீஸ் அதிகாரி காசிபெக் ஒரு காலத்துல உன் வேன்லதானே வந்து போனாரு? அண்ணி முகத்துக்காகக் கேளு. கிடா நான் தர்றேன், ஏத்திக்கிட்டுப் போ."

மமசலி கிடா கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு போய் காசிபெக் முன்னால் நின்றார்.

"வேற எதையாவது கேளுங்கண்ணே," என்றார் காசிபெக். "சொந்த ஊர்ல போட மாட்டோம்னு சும்மா சொல்லலை. அங்க அவன் யாரைப் புடிப்பான்? எல்லாரும் மாமன் மச்சான்."

"புடிக்கிற மாதிரி எங்க ஊர்ல யாரு சார் இருக்கா? அவங்கம்மா தூங்கணும். அவ்வளவுதான்."

காசிபெக் போஸ்டிங் பட்டியலை எடுத்து, எர்னிஸ் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்தார். "சரி. பின்னால என்னைக் குறை சொல்லாதீங்க."

எர்னிஸ் கோடையில் வந்து சேர்ந்தான். ஊருக்கு அது ஒரு வேடிக்கை. "டேய் எர்னிஸ், எங்க வீட்டுக்காரரு பேச்சே கேக்க மாட்டேங்கறாரு, கொஞ்சம் உள்ள தூக்கிப் போடேன்!" என்று பெண்கள் வேலிக்கு வேலி கத்துவார்கள். அவன் முகம் சிவந்துபோகும்.

இலையுதிர்காலத்தில் மேய்ச்சல் மலையிலிருந்து மந்தைகள் இறங்கின. குதிரைகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் கீழத்தெருவில் ஒன்று, பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு. ஊரே திரண்டு தேடியது. திருடனுக்கு எல்லோரையும் விட உரக்கச் சாபம் விட்டவன் தொலோகன். தினமும் சாயங்காலம் எர்னிஸைத் தேடி வந்துவிடுவான். "நாளைக்கு எந்தப் பக்கம்டா ரோந்து போறே? தனியாப் போகாதே, காலம் கெட்டுக் கெடக்கு." சித்தப்பாவின் அக்கறை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பெண்களின் கேலி நின்றுபோனது. வேனில் ஒருநாள் பின்சீட்டிலிருந்து யாரோ சொன்னார்கள்: "போலீசே இல்லாதப்பகூட இப்படிப் போகலையேப்பா." மமசலி கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை.

முதல் பனி விழுந்த காலை. விதவை கலிபாவின் பெண்குதிரையைக் காணவில்லை. அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான். வேன் ஊரைத் தாண்டியதும், பனிவெளியில் எர்னிஸ் குனிந்தபடி தனியாக நடந்து போவதைப் பார்த்தோம். அவனுக்கு முன்னால் குளம்புத் தடம் கோடு போட்டதுபோல் நீண்டு போனது. வேனில் இருந்த எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டின் கூடவே போயிற்று. ஆற்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு ஆட்டுப் பட்டிதான். தொலோகனின் பட்டி.

மமசலி வேனை நிறுத்திக் கதவைத் திறந்தார். "டேய், பனி இன்னும் கொட்டப் போகுது. வந்து ஏறு."

"தடம் தெளிவா இருக்குப்பா. கொட்டினா மூடிரும்."

"ஏறுன்னு சொல்றேன்ல!"

அவன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். திரும்பி நடந்தான். மமசலி சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

பட்டியில் நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். தொலோகன் கைகளைச் சுடுதண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். "வாங்க வாங்க, நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. டீ கொதிக்குது," என்றான். அவனுக்குப் பின்னால் கொக்கியில், கறிக்காக உரித்துத் தொங்கவிட்ட குதிரைத் தோலிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. கலிபா போட்ட சூட்டுக்குறி அதில் தெரிந்தது.

"சித்தப்பா, கையைத் தொடைச்சுட்டு வாங்க. போலாம்."

தொலோகன் சிரித்தான். "யாருகிட்டடா பேசறே? உன்னை இங்க கொண்டாந்ததே நான்தான். கேளு, உங்கப்பன் நிக்கறான்ல. சொல்லுண்ணே, அதிகாரிகிட்ட உன்னை அனுப்பினது யாரு?"

மமசலிக்குக் கிடா தருகிறேன் என்று தம்பி சொன்ன குரல் அப்படியே காதில் கேட்டதாம்.

"அப்பா, நீங்க வேனுக்குப் போங்க," என்றான் எர்னிஸ். சித்தப்பாவின் மணிக்கட்டில் விலங்கு மாட்டினான்.

குளிர்காலம் முழுக்க வேன் காலியாக ஓடியது. குதிரை பறிகொடுத்தவர்கள்கூட எதிரூர் வண்டிக்குக் காத்து நின்றார்கள். சொந்த ரத்தத்தைக் காட்டிக்கொடுத்த வீடு என்று பேசினார்கள். சாவு வீட்டில் மமசலி உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருக்கும். கலிபாவும் நானும்தான் அந்த வேனில் போய்வந்தோம். ஒருநாள் மமசலி வீட்டு வைக்கோல் போர் எரிந்தது. யாரும் தண்ணீர் எடுத்து வரவில்லை.

பனி உருகும்போது முதல் குற்றம் என்று நீதிமன்றம் தொலோகனைச் சிறையில் போடாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் காலை அவன் வேனில் ஏறி, முன்சீட்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். வழிநெடுக ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தான். பாட்டுப் பாடவில்லை. இறங்கும்போதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு, நலம் விசாரிக்கிற குரலில் கேட்டான்:

"பையன் இப்பல்லாம் எந்த வழியா வீட்டுக்கு வர்றான், அண்ணே?"

மமசலி நேராகக் காசிபெக்கிடம் போனார்.

"அந்த எல்லை ஸ்டேஷனுக்கே அனுப்பிருங்க சார். எவ்வளவு தூரமானாலும் சரி."

"புது ஆளுங்களுக்குப் போஸ்டிங் போடறப்பத்தான் மாத்த முடியும். கோடை முடியட்டும்."

"அதுவரைக்கும்?"

காசிபெக் எழுந்து வாசல்வரை கூடவே வந்தார்.

இப்போது மமசலி மதிய நடையை முடித்ததும் வீட்டுக்குப் போவதில்லை. போலீஸ் அறை வாசலில் வண்டியை நிறுத்தி, மகன் வேலை முடித்து வரும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே காத்திருக்கிறார். இருவரும் சேர்ந்துதான் கிளம்புகிறார்கள். தொலோகனின் பட்டிக்குத் திரும்பும் ஆற்றுப் பாலத்தருகே சில நாட்களாக இரண்டு பேர் குதிரைமேல் நிற்கிறார்கள். வேன் கடந்து போகும்போது மிகுந்த மரியாதையாகத் தலையசைக்கிறார்கள்.