சிப்பித்திட்டு நாட்டின் தலைவி

1924 ஆகஸ்ட் 16, சனி. சிலுவை 34, இசபெல் 9.
1927 ஆகஸ்ட் 16, செவ்வாய். சிலுவை 23, இசபெல் 20.
1930 ஆகஸ்ட் 16, சனி. இசபெல் 31, சிலுவை 12.
1933 ஆகஸ்ட் 16, புதன். இசபெல் 43. எதிர் இல்லை.
1936 ஆகஸ்ட் 16, ஞாயிறு. செல்வன் 22, இசபெல் 21. வராதது 1.
மனுக்கள் 17. பதில்கள் 4.

மேலே உள்ளவை சிப்பிகளின் எண்ணிக்கை. வள்ளியாறு கடலில் சேரும் இடத்தில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மைல் நீளத்துக்குக் கிடந்த மணல்மேடுதான் சிப்பித்திட்டு. நாற்பத்து மூன்று வீடுகள், எல்லாம் மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மாதா திருநாளுக்கு மறுநாள் காலையில், வீட்டுக்கு ஒரு சிப்பி வீதம் கடவம் என்னும் ஓலைக் கூடைகளில் போட்டு ஊர்த்தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சிப்பியை ஆண்தான் போட வேண்டும் என்று யாரும் விதித்திருக்கவில்லை. அன்று வீட்டில் இருக்கிறவர் போடுவார். சரிசமமாக வந்தால் பழைய தலைவரே தொடர்வார். எண்ணி எழுதுவது என் வேலை. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் மரணப் பதிவேடும் என்னிடமே இருந்தன.

இசபெல் தலைச்சுமையாக மீன் எடுத்துக் கருங்கல் சந்தைக்கு நடக்கிறவள். 1924-இல் அவளுக்கு வயது இருபத்தாறு. கணவன் மரியானைக் கடல் கொண்டுபோய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை, தனி வீடு.

அந்த ஆண்டு ஜூலை 17, வியாழக்கிழமை, அவள் தங்கை ரீத்தாவுக்குப் பிரசவ நோவு எடுத்தது. ஆற்றில் பெருவெள்ளம். வயத்தாட்டி சொர்ணம்மாள் அக்கரையில் பனையோலைக் குடையோடு நின்றதை இங்கிருந்து பார்க்க முடிந்தது. அவள் ஏதோ சொன்னாள். தண்ணீரின் இரைச்சலில் கேட்கவில்லை. அவளை அழைத்துவரப் போன கட்டுமரத்தை நீரோட்டம் இரண்டு முறை கடலுக்குள் இழுத்தது. அரை மைல் மேலே, கரைக்குக் கரை வடம் கட்டி ஆட்களை ஏற்றிச் செல்லும் கடத்து வள்ளம் இருந்தது. அதன் குத்தகைக்காரர், திட்டு தன் பட்டியலில் இல்லை என்றார். மதியம் குழந்தை பிறந்தது. அழவில்லை. பதிவேட்டில் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

அதற்குப் பிறகு இசபெல்லுக்கு ஒரு கனவு வரத் தொடங்கியது. பச்சை வர்ணம் அடித்த அகலமான வள்ளம். துடுப்பு போட ஆளில்லை. வடம் தானாக நகர்கிறது. முன்பக்கம் இரண்டு கொக்குகள் நிற்கின்றன. உள்ளே பாய் விரித்திருக்கிறது. மழை நாட்களில் அக்கரை முழுவதும் வெள்ளையாகக் கரைந்துபோகும். அப்போது அவள் மணலில் உட்கார்ந்து அந்த வெள்ளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பாள். கனவைச் சந்தையிலும் சொல்வாள், வழியில் கண்டவர்களிடமும் சொல்வாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். பிறகு அவர்களே, கொக்கு எந்தப் பக்கம் நின்றது என்று கேட்பார்கள்.

தலைவருடைய கையெழுத்து இருந்தால்தான் சர்க்காருக்கு மனு போகும். சிலுவை அப்போது தலைவர். மனு எழுதி மீன் பிடிக்க முடியுமா என்பது அவர் கட்சி. எனவே ஆகஸ்ட் 16-ஆம் தேதி இசபெல் தன் கடவத்தை அவர் கடவத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏட்டி இசபெலு, திட்டுக்கு ராணி ஆகப் போறியா?" என்றார் சிலுவை.

"ஆவேன். ஆனா மொதல்ல உம்மத்தான் திட்டணும்" என்றாள்.

ஒன்பது சிப்பி விழுந்தது. ராணி என்ற பெயரும் விழுந்தது.

1927-இல் திருவிதாங்கூரையே ஒரு மகாராணி ஆண்டுகொண்டிருந்தார். அதைச் சொல்லித்தான் பெண்கள் வீட்டு ஆண்களிடம் வாதாடினார்கள். இருபது வந்தது. 1930-இல் வாதாட வேண்டிய தேவை இருக்கவில்லை. அன்று விடியும்போது கடல் வெள்ளித்தகடு விரித்ததுபோல் கிடந்தது, அத்தனை சாளை மீன். சிலுவை உட்பட ஆண்கள் எல்லோரும் வலையோடு ஓடினார்கள். சிப்பி போடுகிற நாள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. கரையில் இருந்த பெண்கள் வரிசையாக வந்து போட்டார்கள். மாலையில் கட்டுமரம் தாழும் அளவுக்கு மீனோடு திரும்பியவர்கள், தங்களை ஒரு பெண் ஆள்வதை அறிந்தார்கள். அவ்வளவு மீன் கிடைத்த நாளில் சண்டை போட யாருக்கும் மனம் வரவில்லை. சிலுவை தன் கடவத்தைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

அன்றிரவே அவள் முதல் மனுவைச் சொல்ல, நான் எழுதினேன். "எங்க நாட்டுக்கு ஒரு கடத்து வள்ளம் வேணும்" என்று தொடங்கினாள். நாடு என்று போட வேண்டாம், திட்டு என்று எழுதுவோம் என்றேன்.

"திட்டுன்னு எழுதினா திட்டுகதுன்னுல்லா வாசிப்பான்? திட்டு வாங்கினவன் வள்ளம் தருவானாண்ணே?"

நாடு என்றே எழுதினேன். கீழே 'நாட்டின் தலைவி' என்று போட்டு அவள் பெருவிரலைப் பதித்தாள். ஆறு ஆண்டுகளில் பதினேழு மனுக்கள். முதல் மூன்று பதில்களும் ஒன்றே: திருவிதாங்கூருக்கு வெளியே உள்ள நாடுகளுக்கு வள்ளம் விட விதியில்லை.

1936-இல், பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு, ரீத்தா மறுபடி கருவுற்றாள். டிசம்பர் கடைசியில் பிறக்கும் என்று சொர்ணம்மாள் கணித்தாள். ஆகஸ்டில் தக்கலை சர்க்கார் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: 17-ஆம் தேதி திங்கள் காலையில் தலைவி நேரில் வந்தால் அதிகாரி விசாரிப்பார்; மறுநாள் அவர் மாற்றலாகிப் போகிறார்.

அதற்குள் புதிதாக ஒரு வீடு கூடி, நாற்பத்து நான்கு ஆகியிருந்தது. அந்த முறை 16-ஆம் தேதி ஞாயிறாக அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள்; அவளுக்கு எதிராகச் செல்வன் என்ற இளைஞன் நின்றான். சனி மாலையிலேயே ஆறு ஏறிக்கொண்டிருந்தது. ஞாயிறு விடிவதற்குள் கடந்தால் மார்பளவு தண்ணீர், விடிந்தால் முடியாது. அவள் வீட்டுச் சிப்பியைப் போட அவளைத் தவிர ஆளில்லை என்பதை நினைவுபடுத்தினேன்.

"சிப்பி மூணு வருசத்துக்கு ஒருக்க வரும். ரீத்தாவுக்கு நாளு நிக்குமா?" என்றாள். சேலையைத் தலையில் சுருட்டிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கொஞ்ச நேரம் தலை தெரிந்தது. பிறகு பனிதான் தெரிந்தது.

காலை ஒன்பதரைக்கு எண்ணினேன். இரண்டாம் முறையும் எண்ணினேன்.

தக்கலையில் நடந்ததை அவள் சொல்லக் கேட்டு எழுதி வைத்தேன். அதிகாரி மனுக்களை மேசையில் பரப்பி, இது எந்த நாடு என்று கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை வாங்கும் மீன் எந்த நாட்டிலிருந்து வருகிறதோ, அந்த நாடு என்றாளாம். எல்லை என்ன என்று கேட்டார்.

"வடக்க ஆறு, தெக்க கடலு. வெள்ளம் வந்தா நாடு கொஞ்சம் குறையும் சார். வடிஞ்சா திரும்பக் கிடைக்கும்."

அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். நீ யார் என்று கேட்டபோது, நாட்டின் தலைவி என்று சொன்னாள். அப்போது மணி பதினொன்று. அவள் தலைவியாக இல்லாமல் போய் ஒரு நாளும் ஒன்றரை மணி நேரமும் ஆகியிருந்தன.

புதன்கிழமை தண்ணீர் வடிந்த பிறகு திரும்பினாள். எண்ணிக்கையைச் சொன்னேன். தன் மடியில் ஒரு சிப்பி இருப்பதாகச் சொல்லி எடுத்துக் காட்டினாள். போடாத சிப்பியை வழியெல்லாம் கொண்டுபோயிருந்தாள். அதை ரீத்தாவின் கையில் கொடுத்துவிட்டு மீன்கடவத்தைத் தேடிப் போனாள்.

நவம்பரில் மறுபடி வெள்ளம். தபால்காரர் அக்கரையிலேயே நின்றார். செல்வன் நீந்திப் போய், கடிதத்தைத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு நீந்தி வந்தான். ஊர்த்தலைவன் அவன், பிரிக்கலாம். 'சிப்பித்திட்டு நாட்டின் தலைவி' என்று மேலே இருந்ததைப் பார்த்துவிட்டு, ஈரம் சொட்ட இசபெல்லின் வீட்டு வாசலில் நின்றான்.

"அக்கா, இது ஒங்களுக்குள்ளது" என்றான்.

நான் வாசித்தேன். டிசம்பர் 1-ஆம் தேதி முதல் சிப்பித்திட்டு என்னும் நாட்டுக்கும் அக்கரைக்கும் இடையே கடத்து வள்ளம் ஒன்று விடப்படும். ரீத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இசபெல் ஒன்று மட்டும் கேட்டாள்: வள்ளம் பச்சை என்று போட்டிருக்கிறதா? தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். நிறம் குறிப்பிடப்படவில்லை. தேதியும் எண்ணும் முத்திரையும் சரியாக இருந்தன. ஓரத்தில் மை கொஞ்சம் கலைந்திருந்தது.

கடிதம் வந்து சேர்ந்தது: 1936 நவம்பர் 9, திங்கட்கிழமை.