எதிரே ஒரு முகம்

என் சித்தி ஆட்களைப் பல்லை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வாள். பஸ் நிறுத்தத்தில் யாராவது கொட்டாவி விட்டால் போதும், "மேல வலது ஆறாவது பல். நாங்க அடைச்சதுதான்" என்று என் காதில் சொல்வாள். அந்த மனிதரின் பெயரோ வேலையோ அவளுக்குத் தெரியாது. ஆனால் ஊசியைக் கண்டதும் செருப்பைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டவர் அவர் என்பது தெரியும்.

பதினோரு வருடம் அவள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். கண்ணாடிக் கதவு, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மீன் தொட்டி, உள்ளே ஒரு சாய்வு நாற்காலி. அவ்வளவுதான் அந்த இடம். போனை எடுத்து நேரம் குறித்துக் கொடுக்கத்தான் சேர்ந்தாள். இரண்டாவது வாரமே அங்கிருந்த உதவியாளர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்: "யாராவது வந்து இந்தக் குழாயப் பிடிங்க!" சித்தி போனை வைத்துவிட்டுப் போய் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தாள். அதற்கப்புறம் பதினோரு வருடம் அதைக் கீழே வைக்கவில்லை.

ஒருநாள் டாக்டர் வரத் தாமதமானது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஓர் அம்மா வந்தார். மேல் பல் வலிக்கிறது என்று கை காட்டினார். சித்தி விளக்கை அடித்துப் பார்த்தாள். மேலே எல்லாம் நன்றாக இருந்தது. கீழே கடைசிப் பல்தான் உள்ளுக்குள் குழிந்து போயிருந்தது. கீழே இருக்கும் கோளாறு சிலசமயம் மேலே வலியாகத் தெரியும் என்பதை அவள் எத்தனையோ முறை பார்த்தவள். ஆனால் அவள் சொல்லக்கூடாது. "டாக்டர் வந்து சொல்வாங்க, உக்காருங்கம்மா" என்றாள். ஒரு மணி நேரம் அந்த அம்மா மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு அழுதார். டாக்டர் வந்து அரை நிமிடத்தில் சொன்னது, சித்தி மனதுக்குள் வைத்திருந்த அதே சொற்களை.

அன்று வீட்டுக்கு வந்தவள் சித்தப்பாவிடம், "டாக்டர் சொல்வாங்க, டாக்டர் சொல்வாங்கன்னு சொல்லியே என் வாய் அலுத்துப் போச்சுங்க" என்றாளாம். அடுத்த வருடம் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தபோதுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. அதோடு அவள் பெயர் மேடம் என்றே நிலைத்துவிட்டது.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, என்னைச் சேர்த்துக்கொண்டது சித்தி வீடுதான். வந்த அன்றே அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரு தாடை இருந்தது.

"பயப்படாதடீ, பிளாஸ்டிக்தான்" என்றாள் சித்தி, அடுப்படியிலிருந்து.

"இது பிளாஸ்டிக்னா பிஸ்கட் எங்க?"

"உங்க சித்தப்பா வயித்துல."

வீடு முழுக்க எலும்பாக இருந்தது. ஜன்னல் ஓரம் மண்டையோடு. அதன் அடியில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகளில் துடைப்பக் குச்சிகளைச் செருகி வைத்திருந்தாள். எந்தத் துளை வழியாக எந்த நரம்பு வெளியே வருகிறது என்பதற்கு அடையாளம். சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். "பாத்தியா, இப்ப மூச்சு நின்னுச்சு. முழுங்குற அந்த ஒரு நொடி மூச்சுக்கு வேல இல்ல" என்பாள். சித்தப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார்.

சித்தப்பாதான் எனக்கு நிலைமையைச் சொன்னார். உடற்கூறும் உடலியங்கியலும் சேர்ந்த முதல் வருடத் தேர்வில் சித்தி ஒருமுறை தோற்றுவிட்டாள். மறுதேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. அதிலும் தோற்றால் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள்; அந்தக் கல்லூரியின் விதி அப்படி. எழுத்துத் தேர்வில் குறையில்லை. நேர்முகத் தேர்வில், எலும்பைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கும் இடத்தில்தான் கோட்டை விட்டிருந்தாள்.

"மூணு எலும்பு கொடுத்திருக்காரு. இது வலது பக்கமா இடது பக்கமான்னு கேட்டிருக்காரு. மூணையும் மாத்திச் சொல்லிட்டா" என்றார் சித்தப்பா.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "இப்படியே போனா, பேஷண்டோட நல்ல பல்லைப் பிடுங்கிருவீங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார் தேர்வாளர். பதினோரு வருடத்தில் ஒருநாளும் பக்கம் மாறிக் கருவி எடுத்துக் கொடுத்தவள் அல்ல சித்தி. ஒருமுறை டாக்டரே களைப்பில் தவறான பக்கம் ஊசி போடப் போனபோது, அவர் மணிக்கட்டை மெல்லத் தொட்டு நிறுத்தியவள். அந்த வாக்கியம் அவளை எங்கே தைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு வேலை எதுவும் அமையவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அதனால் சித்திக்குத் தேர்வாளர் ஆனேன். டப்பாவிலிருந்து ஓர் எலும்பை எடுத்து நீட்டுவேன். அந்த டப்பாவை அவளுக்குக் கொடுத்த சீனியர் மாணவி, வலது பக்க எலும்புகளுக்கு உள்ளே சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். சித்தி கண்ணை மூடிக்கொண்டு, புத்தகம் சொல்கிறபடி எலும்பைத் தன் உடம்போடு ஒட்டிப் பிடிப்பாள். மேல்தாடை எலும்பென்றால் பல் கீழே, கண்குழி மேலே, மூக்குப் பக்கம் உள்ளே. சரியாகவே பிடிப்பாள். இடது கன்னத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். வாயைத் திறந்து, "வலது" என்பாள்.

திருப்பிப் பார்ப்பேன். புள்ளி இருக்காது.

"ஏம்மா, எங்க லிஃப்ட் வேலைக்கு வந்துடேன். அங்க மேலயும் கீழயும்தான். இந்த வலது இடது தொல்லையே கிடையாது" என்பார் சித்தப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"வர்றேன். முதல்ல நீங்க மூணாவது மாடியில நின்னுபோன அந்த லிஃப்ட்ட ஓட வையுங்க."

இரண்டாவது வாரம் நரம்புகளுக்கு வந்தோம். படத்தில் பார்த்தால் மண்டையில் ஏறவில்லை என்று, புருவ மையையும் உதட்டுச் சாயத்தையும் எடுத்து என் முகத்திலேயே வரைய ஆரம்பித்தாள். காதுக்கு முன்னாலிருந்து ஐந்து கிளையாக ஒன்று. கண்ணுக்குக் கீழே விசிறி மாதிரி ஒன்று. தாடையின் ஓரத்தில் ஒரு புள்ளி. வலது பக்கம் ஒரு நிறம், இடது பக்கம் ஒரு நிறம். வலது, இடது என்று பக்கத்தையும் சொல்லி, வரைந்துகொண்டே ஒப்பித்தாள். பாதியில் பால் தீர்ந்துவிட்டது என்று என்னைக் கடைக்கு அனுப்பினாள். நானும் மறந்துபோய் அப்படியே போய்விட்டேன். கடைக்காரர் பாலைக் கொடுத்துவிட்டு, "எந்த ஊர்ல குத்திக்கிட்ட பச்சை இது? துடைச்சா போகுமா?" என்று கவலையோடு கேட்டார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை கோட்டிலும் ஒன்றுகூடப் பக்கம் மாறவில்லை.

"சித்தி, என் மூஞ்சில நீ தப்பே பண்ணலியே."

"உன் மூஞ்சில எதுக்குத் தப்பு வரப்போகுது? நீ எதிர்லதான இருக்க" என்றாள், பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டே. வெட்டின கை அப்படியே நின்றது.

அவளே மெல்லச் சொன்னாள். பதினோரு வருடமாக அவள் நின்றது எதிரே. தன் இடது கைப் பக்கம் தெரிவது அவர்களுடைய வலது. டாக்டர் பல்லைக் குறித்து வைக்கும் அட்டையிலும் அப்படித்தான். தாளின் இடது பாதி நோயாளியின் வலது வாய். ஒரு நாளைக்கு இருபது வாய். இடது என்று கண் பார்த்தால் வலது என்று நாக்கு சொல்லும்படி ஆகிவிட்டது. இப்போது எலும்பைத் தன் கன்னத்தில் வைத்தாலும் நாக்கு அதே வேலையைச் செய்கிறது.

காரணம் தெரிந்துவிட்டது, இனி சரி செய்துவிடலாம் என்று நினைத்தோம். சித்தப்பா மின்கம்பியில் ஒட்டும் டேப்பை அவள் மணிக்கட்டுகளில் சுற்றிவிட்டார். வலதில் சிவப்பு, இடதில் கறுப்பு. இரண்டு வாரம் அந்த டேப்போடு துணி துவைத்தாள், பஸ் ஏறினாள், வகுப்புக்குப் போனாள். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பத்துக்கு ஆறு சரியாக வந்தது. ஒரு மாலை என்னை உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். என் கடைவாய்ப் பல் ஒன்று பாதி வெளியே வந்து படுத்திக்கொண்டிருந்தது. அதைத் தொட்டு, "வலது பக்கம்" என்றாள்.

அது இடது.

வாயை மூடாமலேயே நான் அவளைப் பார்த்தேன். அவள் டேப்புகளைப் பிய்த்து, உருட்டி, குப்பைக் கூடையில் போட்டாள்.

"இது வேணாம்டீ. இல்லாத ஒண்ணக் கத்துக்கப் போயி இருக்குறதும் போயிரும்."

"அப்ப பரீட்சை?"

"தெரியல. ஆனா வாய்ல பக்கம் தெரியாத டாக்டரா ஆகுறதுக்கு, ஆகாமலே இருந்துக்கலாம்."

கடைசி வாரம் எலும்பைத் தொடவே இல்லை. எச்சில் சுரப்பிகளையும் ரத்த ஓட்டத்தையும் படித்தாள். நன்றாகத் தூங்கினாள். தேர்வு நாள் காலை வெள்ளை கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்த சித்தப்பா, எந்த ஜோக்கும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

கல்லூரித் தாழ்வாரத்தில் ஒரு நீளமான பெஞ்சு. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து பார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. சித்தி உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தவள் என்னைச் சுவர் ஓரமாக நிறுத்தி, "நீதான் அவரு" என்றாள். அதே தேர்வாளர்தானாம், போன தடவை வந்தவர்.

"மேல்தாடை எலும்பு கொடுத்தாரு. பிளாஸ்டிக் இல்ல, நிஜம். ரொம்ப லேசா இருந்துச்சு. எந்தப் பக்கம்னாரு. கன்னத்துக்கிட்ட கொண்டு போனேன். நாக்கு நுனியில தப்பு வந்து நிக்குது, எனக்கே தெரியுது. அப்படியே கைய நீட்டிட்டேன்."

"எங்க?"

"அவரு மூஞ்சிக்கு நேரா. இப்படி." சித்தி உள்ளங்கையை என் வலது கன்னத்துக்கு முன்னால் கொண்டு வந்தாள். "இது உங்க வலது கன்னம் சார்னு சொன்னேன்."

"ஐயோ சித்தி!"

"அவரு நாற்காலியப் பின்னால தள்ளிட்டாரு. உங்க உடம்புல வச்சுதானம்மா சொல்லணும்னாரு. என் மூஞ்சி எனக்குத் தெரியாது சார், எதிர்ல இருக்குறதுதான் தெரியும்னேன். சரின்னு இன்னொண்ணு கொடுத்தாரு. அதையும் அவருக்கே வச்சேன். மூணாவதா கன்னத்து எலும்பு. அத நான் கையில எடுக்குறதுக்குள்ள அவரே கண்ணாடியக் கழட்டி வச்சிட்டாரு."

நான் சிரித்த சத்தத்தில் ஒரு பிள்ளை கண்ணைத் திறந்து முறைத்தான்.

"அப்புறம் கண்ணுக்குக் கீழ இருக்குற துளையக் காட்டி, இங்க வர்ற நரம்பு மரத்துப் போனா எங்கெல்லாம் உணர்ச்சி இருக்காதுன்னு கேட்டாரு. கீழ் இமை, மூக்கு ஓரம், மேல் உதடு. டீ குடுத்தா அந்த ஓரமா ஒழுகும் சார், துடைச்சு விடணும்னு சொன்னேன். அது எந்தப் புத்தகத்துலம்மா இருக்குன்னாரு. புத்தகத்துல இல்ல சார், எங்க துண்டுல இருக்குன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"கொஞ்ச நேரம் எழுதினாரு. போன தடவையே இப்படிச் செஞ்சிருக்கலாமேன்னு கேட்டாரு. போன தடவ உங்கள நான் நிமிர்ந்தே பாக்கல சார்னேன்."

அதற்கு மேல் அவள் நடிக்கவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். சித்தப்பாவும் வந்திருந்தார். சித்தி விரலை மேலிருந்து கீழே ஓட்டி, தன் எண்ணில் நிறுத்தி, ஒரு தடவை படித்துவிட்டு, எடுத்து, மறுபடி வைத்தாள். தேர்ச்சி. நேர்முகத் தேர்வில், தேவையானதை விட இரண்டு மதிப்பெண் அதிகம். சித்தப்பா அந்தத் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓடுது" என்றார், லிஃப்ட்டைச் சொல்வது போல.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சித்தி திடீரென்று சொன்னாள்: "அந்த சாருக்குக் கீழ இடது ஏழாவது பல்லுல அடைச்சது உடைஞ்சிருக்கு. என்கிட்ட பேசுறப்ப பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"அத டாக்டர்தான் சொல்லணும்" என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் அந்தப் பல்லு தாங்குமான்னுதான் யோசிக்கிறேன்."