டிவி லாரியின் கெலிண்டான்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்ல ஆரம்பிக்கிறேன். என் அம்மா முனீஸ்வரருக்குச் சுருட்டு வைத்தால்கூட, இந்தப் புகை சாமிக்கா கொசுவுக்கா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் நான். மலேசியாவில், சிரம்பானுக்குப் பக்கத்தில் மம்பாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மூங்கில் புதர் இருந்தது, அதில் ஏதோ இருக்கிறது என்று தெருவே ஒதுங்கிப் போகும், நான் நிழலாக இருக்கிறதே என்று அங்கேதான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவேன். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். இப்போது நானே அந்தப் பேச்சை எடுக்க வேண்டியிருக்கிறதே, அது அதைவிடப் பெரிய எரிச்சல்.

தொண்ணூறுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரம்பானில் ஒரு தோட்டக் கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் பெரிய அதிகாரி ஒருவர் வெளிநாட்டுக்குப் போனவர், போனோமா வந்தோமா என்று இல்லாமல் ஒரு சிமுலேட்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வெர்ச்சுவல் ரியாலிட்டி, இனி டிரைவர்களுக்கெல்லாம் இதில்தான் பயிற்சி என்றார். ஒரு பழைய லாரியின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, ஸ்பிரிங் வைத்த இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். ஸ்டீயரிங், கியர், பிரேக் எல்லாம் அசல். டிரைவர் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டினால் கண்ணுக்கு முன்னால் இரண்டு குட்டித் திரைகள், அதில் சாலை ஓடும், அவர் தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பும். அவர் பார்ப்பதையெல்லாம் வெளியே நான் மானிட்டரில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அதைத் தம்பினிலிருந்து கோலா பிலா வரைக்கும் தோட்டம் தோட்டமாக இழுத்துக்கொண்டு அலைந்தவன் நான். மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கினால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். வெயில் என்றால் சூடாகிவிடும், மழை என்றால் கேபிள் கோபித்துக்கொள்ளும். இருபது வருடம் மண் சாலையில் பாரம் ஏற்றி ஓட்டியவர்கள் ஹெல்மெட்டை மாட்டிய கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுப்பார்கள், துடைப்பது யார், நான்தான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் டிவி லாரி.

அந்த டிவிக்குள் இருந்த சாலையை எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரே மரத்தைப் பிரதி எடுத்து வழி நெடுக நட்டிருப்பார்கள். ஒரு இடத்தில் மாடு குறுக்கே வரும், பிறகு ஒரு மரப்பாலம் வரும், முடிந்தது. மனிதர்களே கிடையாது, ஒரு மனிதனை வரைந்து நடக்க வைக்கிற அளவுக்கு அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு இல்லை. மாட்டைப் பார்த்து நின்றால் மார்க் ஏறும், வெறும் சாலையில் சும்மா நின்றால் மார்க் இறங்கும். வழியில் ஏதாவது இருந்ததா இல்லையா என்பதை மெஷினே பார்த்துக்கொள்ளும், நான் அதில் கை வைக்கவே முடியாது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோலா பிலாவுக்கு அந்தப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், எண்ணெய்ப் பனை. தேவானில், அதாவது தோட்டத்துப் பொது மண்டபத்தில், மெஷினை இறக்கி வைத்தோம். டிரைவர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, புது வண்டி, எலுமிச்சம்பழம் நசுக்காமல் எப்படி ஏறுவது என்றார்கள். சரி, நசுக்குங்கள் என்றேன். "டயர் எங்க சார்?" என்று கேட்டார்கள். டயர் இல்லை. அதற்காக விட்டார்களா என்றால் இல்லை, பழத்தை இரும்புச் சட்டத்தின் காலடியில் வைத்து நான்கு பேர் சேர்ந்து லாரித் தலையைத் தூக்கிப் போட்டு நசுக்கினார்கள். என் மானிட்டருக்கும் மூன்று விரலால் விபூதி பூசிவிட்டார்கள், அது இடுக்கில் போய், அதை எடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

சோதனை ஆரம்பித்தது. முதல் டிரைவர் மாட்டுக்கு அழகாக நின்றார், பாலத்துக்கு வந்தார், நின்றார். நின்றவர் நின்றவர்தான். போங்கள் என்றேன், போகவில்லை. அடுத்தவரும் அதே இடத்தில் நின்றார். அதற்கடுத்தவரும். எல்லாருக்கும் மார்க் சரசரவென்று இறங்குகிறது. எனக்குத் தலை வெடித்தது. ஏன் நிற்கிறீர்கள் என்று ஒருவரைக் கத்தியே கேட்டேன்.

"கெலிண்டான் இன்னும் எறங்கலையே சார்" என்றார் அவர்.

கூட இருந்த தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, அப்போதுதான் விளக்கினார். கெலிண்டான் என்றால் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் வருகிற உதவியாள். அந்தத் தோட்டத்து ஆற்றின் மேல் பலகைப் பாலம் ஒன்று இருக்கிறது. எந்த லாரியும் நேராக அதில் ஏறாது. கெலிண்டான் இறங்கி, பலகையை மிதித்துப் பார்த்துக்கொண்டே அக்கரைக்கு நடந்து போய்க் கை காட்டினால்தான் டிரைவர் காலை பிரேக்கிலிருந்து எடுப்பார். அந்தப் பழக்கத்தில், இல்லாத பாலத்தில் இல்லாத கெலிண்டானுக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள். ஐயா, இது கம்ப்யூட்டர், பாலம் உடையாது, கெலிண்டான் கிடையாது, சும்மா போங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சி, மறுபடி ஓட்ட வைத்துத் தேற வைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

கடைசி ஆள் மணியம். ஐம்பதை நெருங்கினவர், தோளில் ஒரு துண்டு, அதிகம் பேசமாட்டார். அவர் ஏறுவதற்கு முன் கிராணி என்னைத் தனியாக இழுத்தார்.

"சார், இவர கொஞ்சம் கவனமா பாருங்க. இவரு அண்ணன் ராஜுதான் இவருக்குக் கெலிண்டானா இருந்தாரு. லைசென்ஸ் எடுக்க முடியல, அதனால தம்பி ஓட்ட அண்ணன் கூட வருவாரு. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரில போயிட்டாரு. அதுக்கப்புறம் இவரு வேற கெலிண்டானே வேணாங்குறாரு லா. ஆனா தெனமும் அந்தப் பாலத்துல நிப்பாட்டிட்டு சும்மா உக்காந்திருப்பாரு. குலை ஆலைக்குப் போக லேட்டாவுது. இதுல பெயிலானா மேனேஜர் இவர லாரிய விட்டு எறக்கி வெளிக்காட்டு வேலைக்குப் போட்டுருவாரு."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதனால் மணியத்திடம் முன்கூட்டியே நிறுத்தி நிதானமாகச் சொன்னேன், அண்ணே, பாலத்தில் மட்டும் நிற்காதீர்கள், நின்றால் உங்கள் வேலைக்கே ஆபத்து. அவர் சரி சார் என்றார். ஹெல்மெட்டை மாட்டினார். வளைவு, மேடு, மாடு, எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பாலம் வந்தது. நின்றுவிட்டார்.

என் வாயில் வந்த வார்த்தையை இங்கே சொல்ல முடியாது. போங்கண்ணே, போங்க என்று லாரித் தலையின் இடது பக்கக் கதவைத் தட்டினேன். கை அந்தக் கதவின் மேல் இருக்கும்போதுதான் நடந்தது. ஸ்பிரிங் முனகிற்று. இடது பக்கம் மெல்ல மேலே எழும்பியது. உட்கார்ந்திருந்த ஒரு ஆள் இறங்கினால் லாரி எப்படி எழும்புமோ அப்படி. அந்த இருக்கையில் யாரும் இல்லை, நான் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மணியம் ஸ்டீயரிங்கை விட்டு அசையவே இல்லை.

மானிட்டரைப் பார்த்தேன். வெறும் பாலம்தான் இருந்தது. ஆனால் காட்சி மட்டும் இடது பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் நகர்ந்தது, மணியத்தின் தலை யாரோ நடந்து போவதைப் பின்தொடர்கிறது, நடக்கிறவர் நடையின் வேகத்திலேயே. நடுவில் ஒரு இடத்தில் நின்றது, பலகையை மிதித்துப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு அக்கரை. மணியம் தலையை ஆட்டினார், கியர் போட்டார், பாலத்தைத் தாண்டினார், தாண்டி மறுபடி நிறுத்தினார். என் கைக்குக் கீழே லாரித் தலை இடது பக்கம் தாழ்ந்தது.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஸ்பிரிங் பழசு, மழைக்காற்று, பசி மயக்கம் என்று நானும் எனக்கு எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் மெஷின் போட்ட மார்க்குக்கு என்ன சொல்வது? பாலத்துக்கு முன்னால் நின்றதற்கு ஒரு மார்க்கும் குறையவில்லை. வழியில் தடை இருந்தது, டிரைவர் சரியாக நின்றார் என்று திரையில் வந்தது. மாட்டுக்கு மட்டும் வருகிற வாசகம் அது. மாடு எப்போதோ பின்னால் போய்விட்டது. நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், ஒரு ஈ காக்கா இல்லை.

கிராணி டீ சொல்லப் போயிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றின மணியத்திடம், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். 

"எங்கண்ணன்தான் சார். நீங்க பயப்படாதீங்க" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெனமும் அந்தப் பாலத்துல மட்டும் வருவாரு. எறங்குவாரு, நடப்பாரு, கை காட்டுவாரு, ஏறிக்குவாரு. வேற எங்கயும் வர்றதில்ல. லாரிய எடுத்துட்டாங்கன்னா நான் அவர எங்க சார் போய்ப் பாப்பேன்?"

நான் கேபிளைச் சுருட்டி வைத்தேன். மணியம் தேறிவிட்டார், அவருக்கு லாரி நிலைத்தது, அந்தச் சந்தோஷத்தோடு இதை மறந்துவிடலாம் என்று மெஷினை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, என் காரை எடுத்துக்கொண்டு சிரம்பான் வந்து சேர்ந்தேன்.

சில மாதங்கள் போயின. ரிங்கிட் விழுந்தது, கம்பெனிக்குக் கை கடித்தது, முதலில் கழித்துக் கட்டியது எங்கள் மெஷினைத்தான். யாரோ வந்து லாரித் தலையோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். விட்டது சனி என்று இருந்தேன். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மணியம் ஆபீஸ் வாசலில் நிற்கிறார். சலவைச் சட்டை போட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"சார், அந்த டிவி லாரில இன்னொரு தடவ உக்காரணும்" என்றார். ஏன் என்றேன். "நீங்க வந்துட்டுப் போனதுலருந்து பாலத்துல அண்ணன் வர்றதில்ல சார். நானும் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்குறேன். யாரும் எறங்குறதில்ல. அதுல ஏறினவரு அதுலயே போயிட்டாரு போல."

மெஷினை விற்றாகிவிட்டது, எங்கே போனது என்றுகூடத் தெரியாது என்று அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, சரி சார் என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு விடுகிறேன் என்று காரைத் திறந்தேன். கிட்டே வந்தவர் சட்டென்று நின்றார். முன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், கண் கலங்கிவிட்டது. பிறகு சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

என்னண்ணே, என்னை டிரைவர் ஆக்கிவிட்டீர்கள், முன்னால் வாருங்கள் என்றேன்.

"முன்னால எடம் இல்லையே சார்" என்றார்.

அவரை இறக்கிவிடும் வரை நான் இடது பக்கம் திரும்பவே இல்லை. இறங்கும்போது அவர் முன் ஜன்னலருகே குனிந்து, என்னிடம் அல்ல, "ஒடம்பப் பாத்துக்கண்ணே" என்றார். என்னைக் கேட்டீர்களானால், செத்துப்போன மனிதருக்கு என்ன உடம்பு? ஆனால் அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் லீவு போட்டேன். என் புத்தியை நானே திட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன், பலகைப் பாலத்துக்கு முன்னால் காரை நிறுத்தினேன், இடது பக்கக் கதவைத் திறந்து வைத்தேன். பட்டப் பகலில் ஒரு பைத்தியக்காரன் மாதிரி காத்திருந்தேன். மோட்டாரில் வந்த ஒருவர் கார் ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார். அண்ணே, உங்கள் இடம் வந்துவிட்டது, இறங்குங்கள், தம்பி தேடுகிறார் என்று வாய்விட்டே சொன்னேன். ஒன்றும் எழும்பவில்லை, ஒன்றும் தாழவில்லை. கதவைச் சாத்தினேன். இறங்கினாரா இல்லையா என்று மணியத்தையே கேட்போம் என்று தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்துக்குப் போனால் அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. சிரம்பானிலிருந்து திரும்பின மறுநாளே சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டாராம், லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். முகவரி யாரிடமும் இல்லை. அண்ணனைப் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதரும் போய்விட்டார், நான் யாரைப் போய்க் கேட்பது?

அதற்குப் பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. காரை மாற்றினேன், பிறகு அதையும் மாற்றினேன். என் மனைவிக்கு இந்தக் கதை தெரியாது, இன்றுவரை நான் மூச்சு விட்டதில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் பின்சீட்டில்தான் உட்காருகிறாள். ஊரே கேலி செய்கிறது. ஏன் என்று ஒருமுறை சலித்துப்போய்க் கேட்டேன், அவள் பையைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டே சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

"என்னமோங்க, முன்னால ஒரு மாதிரி நெருக்கமா இருக்கு."