காற்றில்லாத நாளில் ஆடிய தராசு முள்

குழந்தையை இறக்கிய பிறகும் தராசின் முள் துடித்துக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. போரால் இடம்பெயர்ந்த சனம் நிறைந்திருந்த துணுக்காய்ப் பக்கத்தில் நான் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் குடும்பநல மருத்துவமாதாக வேலை செய்தேன். கிளினிக்குக்குக் கட்டடம் இல்லை. பெரிய புளியமரத்தின் கிளையில் கயிறு கட்டி, வட்டத் தராசைத் தொங்கவிட்டு, துணிப்பையில் குழந்தைகளை இருத்தி நிறுப்போம். நான் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. வலையும் வள்ளமும் தெரியும். காட்டு மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அன்று நல்ல வெயில். ஓர் இலைகூட அசையவில்லை. வெறும் பை தொங்குகிறது, முள் மட்டும் துடிக்கிறது. நின்றது. மறுபடி துடித்தது.

மேற்பார்வைக்கு வந்திருந்த தாதி, நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுபவர், கதிரையில் இருந்தபடியே சொன்னார்: "அது பழைய தராசு பிள்ளை. ஸ்பிரிங் தேஞ்சிட்டுது. நீர் அடுத்த பிள்ளையை நிறும்."

எனக்கு மனம் ஒப்பவில்லை. கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். மேலே யாரோ விரலால் சுண்டுவதுபோல் கையில் தட்டியது. கர்ப்பிணியின் வயிற்றில் சிசுவின் துடிப்பைக் கேட்கும் குழலை எடுத்துக்கொண்டு ஓடி, அடிமரத்தில் வைத்துக் காதைக் கொடுத்தேன்.

டிக்... டிக், டிக்.

மரத்துக்குள் சத்தம்!

வரிசையில் முன்னுக்கு நின்றவள் செல்வமணி. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவனோடு காட்டில் விறகு வெட்டுகிறவள். அவளிடம் குழலைக் கொடுத்தேன். கேட்டதும் அவளுடைய முகம் மாறியது.

"மிஸ், உள்ளுக்குள்ள நாரு ஒண்ணொண்ணா அறுந்துக்கிட்டு இருக்குங்க. காத்தே வேணாம், கெளை தானா எறங்கிரும். புள்ளைங்கள தூக்கச் சொல்லுங்க!"

"எல்லாரும் மரத்தடியை விட்டு வெளியால வாங்கோ! பிள்ளையளைத் தூக்குங்கோ, சாமான் கிடக்கட்டும்!" என்று கத்தினேன்.

சிஸ்டர் எழும்பினார். "ஆரைக் கேட்டுக் கிளினிக்கை நிப்பாட்டினனீர்?"

"பிறகு ஏசுங்கோ சிஸ்டர், இப்ப வாங்கோ!" அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அதற்கு முன் அவர் முன்னால் நான் கதிரையில் இருந்ததுகூட இல்லை.

வேலிக்கு அப்பால் நின்றபோது குழல் இல்லாமலே கேட்டது. டிக் டிக் என்றிருந்தது படபடவென்றாகி, ஒரே வெடியாக வெடித்துக் கிளை இறங்கியது. காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. ஷெல் என்று நினைத்துச் சிலர் நிலத்தில் படுத்துவிட்டார்கள். தூசி அடங்கியபோது மேசை, கதிரை, தராசு எல்லாம் கிளைக்கு அடியில் கிடந்தன. பெயர் கூப்பிட்டுப் பார்த்தோம். ஒரு குழந்தைக்கும் கீறல்கூட இல்லை.

சிஸ்டர் என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "தராசில பிழை இல்லையா அப்ப?"

"இல்லைங்க," என்றாள் செல்வமணி. "நாரு தெறிச்ச அதிர்வு கயித்து வழியா எறங்கி முள்ள ஆட்டியிருக்கு."

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அழுத பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, செல்வமணி கையோடு கொண்டுவந்த குழலைத் தூரத்து வேம்பில் வைத்துக் கேட்கத் தாய்மார் முண்டியடித்தார்கள். அப்போதுதான் எழுந்த மெல்லிய காற்று உச்சியில் பட்டதும் மரத்துக்குள் நெடிய முனகல் ஒன்று ஓடியது. "கேக்குது, கேக்குது!" என்று முதலில் கத்தியது சிஸ்டர்தான்.

இளம் மருத்துவமாதுகளுக்கு நான் சொல்வது இதுதான்: கருவி விசித்திரமாக நடந்தால் உடனே அதைக் குறை சொல்லாதீர்கள். அது எதில் தொங்குகிறது என்று முதலில் நிமிர்ந்து பாருங்கள்.