ஏழு கதவு மண்டபம்

கலியாணமாகிப் பதினொரு வருடங்களில் விஜயரத்தினம் தன் மனைவி ஞானாம்பிகையின் வீணையைக் கவனமாகப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் அளப்பதற்காக.

மாத்தளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் அவர் கட்டடப் படம் வரைபவர். 1957இல் கொழும்புக்குப் போய், சங்கீதத்துக்கும் கட்டடக்கலைக்கும் உள்ள உறவைப் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையைக் கேட்டார். கால்வாசிதான் விளங்கியது. அவருக்கு அதுவே தாராளம். வீடு திரும்பியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் வீணையைப் பாயில் கிடத்தி அளவுநாடாவை இழுத்தார்.

"ஞானம், இஞ்சை பார்! தந்தியைச் சரிபாதியில பிடிச்சால் மேல் ச. மூண்டில ரெண்டு பங்கில பிடிச்சால் ப. எல்லாம் கணக்கு! காதுக்கு இனிக்கிற கணக்கு கண்ணுக்கும் இனிக்கத்தானே வேணும்? நல்ல கட்டடம் எண்டால் அசையாமல் நிக்கிற பாட்டு."

பாதித் தந்தியில் மேல் ஸட்ஜம் பேசும் என்பது ஞானாம்பிகைக்கு ஏழு வயதிலேயே தெரியும். மாத்தளைக்கு மாற்றலாகி வந்த புதிதில், படம் கீறும்போது சத்தம் இடைஞ்சல் என்று அவர் முகம் சுளித்ததால், வீணை உறைக்குள் போய் ஆறு வருடமாகியிருந்தது.

"தேத்தண்ணி ஆறப்போகுது" என்றாள்.

அந்த வருடமே ஊர் இசைச் சபை ஒரு மண்டபம் கட்டத் தீர்மானித்தது. விஜயரத்தினம் வலியப் போய்ப் படம் வரைந்து கொடுத்தார். நீளம் அறுபது அடி, அகலம் நாற்பது: மூன்றுக்கு இரண்டு, ஆகவே பஞ்சமம். உயரம் இருபது, அகலத்தில் சரிபாதி: ஆகவே மேல் ஸட்ஜம். பக்கச் சுவரில் ஏழு ஸ்வரங்களுக்கு ஏழு கதவுகள். ச கதவு ஒன்பது அடி உயரம். அங்கிருந்து தந்தி குறுகுவதுபோல ஒவ்வொன்றாகக் குறுகி, மேடைக்குப் பக்கத்தில் நி கதவு ஐந்தடிகூட இல்லை.

மேசன் பாஸ் பதுர்தீன் மாத்தளையிலேயே பிறந்து, ஊரில் பாதிச் சுவர்களைக் கட்டியவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இந்தக் கதவால போறது மனுசனா, ஆடா?"

"அது நி. ஸ்வரத்தைக் கூட்டிக் குறைக்க ஏலாது, பாஸ்."

"அப்ப தலையைத்தான் கொறைச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஞானாம்பிகை கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அவர் வெளியே பெயர்ப்பலகையின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே, கண்ணாடிபோல் வழவழவென்று பூசிய சுவர்களுக்கு நடுவே நின்ற பதுர்தீன் ஒருதரம் கை தட்டினார். தட்டிய சத்தம் நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது.

"கேட்டீங்களா அம்மா? நான் ஒருக்காத்தான் தட்டினேன்."

ஞானாம்பிகை மெல்ல ஒரு ஸட்ஜத்தை முனகிப் பார்த்தாள். அது போன இடத்தில் நிற்காமல் சுற்றி வந்து அவளுடைய அடுத்த ஸ்வரத்தின் மேல் ஏறி விழுந்தது.

"செவுத்தைக் கரடா விடுவோம், கூரைக்குக் கீழ பலகை அடிப்போம்னு சொன்னேன். மேசனுக்கு என்ன சங்கீதம் தெரியும்னு ஐயா கேட்டாங்க."

"அவருக்கு என்ன தெரியும் எண்டு நீங்கள் கேட்கேல்லையோ?"

பதுர்தீன் சிரித்துவிட்டார். ஞானாம்பிகை கணவரிடம் எதிரொலியைப் பற்றிச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"அது எதிரொலி இல்லை, ஞானம். கட்டடம் கூடச் சேர்ந்து பாடுது."

கட்டடம் மறுநாள் ஆசைதீரப் பாடியது. பிரதம விருந்தினரான உயரமான அதிகாரி மேடைக்குக் கிட்ட என்று நி கதவால் நுழைந்து, விழா முடியும்வரை நெற்றியில் ஈரக் கைக்குட்டையோடு இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாடகர் ஒரு வரி பாடினால் அதே வரி பின்னாலும் வந்தது. மிருதங்கக்காரர் திரும்பி வந்த தாளத்தைப் பிடித்தார், வயலின்காரர் மிருதங்கக்காரரைப் பிடித்தார். பாடகர் கையை உயர்த்திக் கச்சேரியை நிறுத்தினார்.

"எனக்குப் பின்னால ஆர் பாடுறது?"

"பாடுறது... றது..." என்று மண்டபமும் விசாரித்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

வீட்டுக்கு வந்து விஜயரத்தினம் தீர்ப்புச் சொன்னார்: "இந்த ஊர்ச் சனத்துக்கு ரசனை காணாது."

இரண்டு வருடம் மண்டபம் பூட்டியே கிடந்தது. பிறகு கூட்டுறவுச் சங்கம் அதைக் களஞ்சியமாக எடுத்துக்கொண்டது. நாவுலப் பக்கத்து நெல்லும் தம்புள்ளை வெங்காயமும் லொறிகளில் வந்து, சுவரோரம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறின. ஒருநாள் பிற்பகல் வெங்காயம் வாங்கப் போன ஞானாம்பிகையை, அங்கே தரைக்குச் சீமெந்து பூசிக்கொண்டிருந்த பதுர்தீன் கூப்பிட்டார்.

"அம்மா, இப்ப ஒருக்காப் பாடிப் பாருங்களேன்."

அவள் கூச்சத்தோடு ஒரு வரி பாடினாள். வைத்த ஸ்வரம் வைத்த இடத்தில் நின்றது. மூட்டைகள் மிச்சத்தையெல்லாம் விழுங்கிவிட்டன. அவளுக்குக் கண் கலங்கியது. வெங்காயத்தைக் காரணம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய், வீணையை உறையிலிருந்து எடுத்தாள்.

களஞ்சியப் பொறுப்பாளர் நாகமுத்து சம்மதிக்க, அந்த மாதமே நெல் மூட்டைகளுக்கு நடுவில் பிற்பகல்களில் வீணை வகுப்பு தொடங்கியது. அந்த வருட நவராத்திரிக்குச் சபை அவளை அங்கேயே வாசிக்க வைத்தது. பத்து வருடம் அடைத்துக் கிடந்த கை முதலில் தடுமாறியது, பிறகு ஓடியது. கடைசி மெட்டின் மெல்லிய அதிர்வுகூடப் பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்டது. சனம் அசையாமல் இருந்தது.

முடிந்ததும் விஜயரத்தினம் எழுந்து நாற்பது நிமிடம் பேசினார்.

"மூண்டுக்கு ரெண்டு! இண்டைக்கு நிரூபணமாகியிருக்கு! இந்த விகிதம் கனிய நாலு வருசம் எடுத்திருக்கு, அவ்வளவுதான்!"

"ஐயா, நெல்லுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் பின்னாலிருந்து பதுர்தீன். விஜயரத்தினத்துக்கு அது கேட்கவில்லை. வாசித்தவளுக்கும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடியில் வீணையோடு அவள் அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.

அடுத்த தையில் அவருக்குத் திருகோணமலைக்கு மாற்றல் வந்தது.

"சாமானைக் கட்டு, ஞானம்."

"இஞ்சருங்கோ, என்னட்டைப் பதினாலு பிள்ளையள் படிக்கினம். நீங்கள் போயிட்டு லீவுக்கு வாங்கோ."

அவர் நம்பாமல் பார்த்தார். அவள் அரிசி களையப் போய்விட்டாள். கடைசியில் அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

ஞானாம்பிகை 1972வரை அந்தக் களஞ்சியத்தில் படிப்பித்தாள். சபையார் விஜயரத்தினத்தின் புகைப்படத்தைச் சட்டம் போட்டு, 'நாதச் சிற்பி' என்று கீழே எழுதி, உள்சுவரில் மாட்டினார்கள். வருடத்தில் பத்து மாதம் மூட்டைகள் அதை மறைத்திருக்கும். நெல்லெல்லாம் ஆலைக்குப் போய்ச் சுவர் வெறுமையாகும் நாட்களில் அவர் முகம் பளிச்சென்று தெரியும். அந்த நாட்களில் அவள் வகுப்புக்கு விடுமுறை விட்டுவிடுவாள்.