தானாக அணைய வேண்டிய கேத்தல்

ஹாலிஎல மபாஸுக்கு மூளை கொஞ்சம் பிசகிவிட்டதாம். பகல் முழுக்க வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வாசலில் ஊற்றுகிறாராம். பதுளை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், யாரோ சொன்னதாக எனக்குச் சொன்னது இது.

போய்ப் பார்த்தேன். ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்.

மபாஸ் கரண்ட் கேத்தல் பூட்டி விற்பவர். பாகங்களைக் கொழும்பில் வாங்கி, ரயில் பாதையோரக் கொட்டகையில் பொருத்துவார். சாரனுக்கு மேலே ஸ்வெட்டர். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் துடைக்கமாட்டார். அதுவாகத் தெளியும்வரை சும்மா நிற்பார். "அந்த நேரமாவது கண்ணுக்கு ஓய்வு" என்பார்.

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் தேயிலைத் தோட்டத்துச் சனம் டவுனுக்கு இறங்கும். அதற்குள் கேத்தல் கடைகளில் இருக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து, தண்ணீர் கொதித்ததும் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட் தீர்ந்துபோயிற்று. வழக்கமாகத் தரும் லத்தீப், தீபாவளி கழிந்துதான் சரக்கு வரும் என்று கைவிரித்துவிட்டார். தங்கை கணவர் ஹிஷாமிடம் வேறு கம்பனிச் சாமான் தயாராக இருந்தது. மாதிரிக்கு ஒரு பெட்டி அனுப்பியவர், அன்று பின்னேரம் லொறி ஏற்றுவதற்குள் பதில் கேட்டிருந்தார்.

அவற்றைத்தான் ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் மபாஸ். அநேகமானவை 'டக்'கென்று அணைந்தன. சிலது தண்ணீர் வற்றும்வரை கொதித்தன.

"சிலதுதானே மபாஸ் நானா, பொறுக்கி ஒதுக்கிட்டா?" என்றேன். லீவில் ஊர் வந்தவனுக்கு அடுத்தவர் அவசரமும் தன் அவசரமாகிவிடுகிறது.

"நேத்து அணைஞ்சது இண்டைக்கு அணையல்ல. எதப் பொறுக்க?"

பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வரும் இராக்கம்மா நிமிராமலே சொன்னார்: "லயத்து வூட்டுல கேத்தலப் போட்டுட்டு, வெடியக்காலம் பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்க ஓடுவோம் தம்பி. புள்ளைங்க உள்ள தூங்கும்." பிறகு மபாஸிடம், "ஒங்க மச்சான் வூட்டுக்கு ஒண்ணு குடுத்து வுடுங்க மொதலாளி. அவுங்க வச்சுப் பாக்கட்டும்."

"அங்க ஈக்கிறது என்ட தங்கச்சி, அக்கா."

இருவரும் சிரித்தார்கள். மபாஸின் சிரிப்பு முதலில் நின்றது.

"வேணாமெண்டா அவ என்னோட பேசமாட்டா. ஒங்களுக்கும் தீபாவளிக்கு வேல ஈக்காது."

"தெரிஞ்சுதானே மொதலாளி சொல்றேன்."

மேசையில் போன் அடித்தது. திரையில் 'மச்சான்' என்று விழுந்தது. ஓய்ந்து, மறுபடி அடித்தது. மபாஸ் மாதிரிகளை ஹிஷாம் அனுப்பிய பெட்டிக்குள்ளேயே திரும்ப அடுக்கினார். கத்தரிக்கோல் அகப்படவில்லை. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, மூடியின் குறுக்கே ஒட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போனார். போன் அடித்துக்கொண்டிருந்தது.